பிராங்க்ஃபுர்ட்டர் ஆலேயை ஒரே பச்சையில் கடக்க விடுங்கள்

பெர்லின் நகரின் சிக்னல் நேரங்களைக் கணக்கிடும் பொறியாளர்களுக்கும், அந்தக் கணக்கில் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அலெக்சாண்டர்பிளாட்ஸில் தொடங்கிக் கிழக்கே நகரை விட்டு வெளியேறும் அந்தப் பெரிய சாலையில், பச்சை விழுந்ததும் இந்த ஓரத்தில் கால் எடுத்து வைக்கும் ஒருவர், நடுத்திட்டில் மாட்டிக்கொள்ளாமல் எதிர் ஓரம் போய்ச் சேர வேண்டும். எழுபது வயதைத் தாண்டியவரானாலும் சரி, குழந்தை வண்டியைத் தள்ளி வருபவரானாலும் சரி. இதற்குப் புதுப் பாலம் வேண்டாம், சுரங்கப்பாதை வேண்டாம், சாலையைத் தோண்டவும் வேண்டாம். சிக்னலின் நேரத்தை மாற்றி அமைத்தால் போதும்.

இதே கோரிக்கையை ஜெர்மனிலும் உங்களுக்கு அனுப்புகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம், படிக்கவும் வேலைக்கும் பெர்லின் வந்து இந்தச் சாலையை ஒட்டிய தெருக்களில் வாடகைக்கு இருக்கும் தமிழர்கள். ஊரில் இருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் அவர்களுடைய அம்மா அப்பாவும் இதே கம்பத்தடியில்தான் நிற்கிறார்கள். இது தங்களுக்குச் சம்பந்தமில்லாத ஊர் விவகாரம் என்று அவர்கள் ஒதுங்கிவிடக் கூடாது.

சாலையை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அலெக்சாண்டர்பிளாட்ஸில் இருந்து கார்ல் மார்க்ஸ் ஆலே என்ற பெயரில் கிளம்பி, ஸ்ட்ராவுஸ்பெர்கர் பிளாட்ஸ் வட்டத்தைச் சுற்றி, பிராங்க்ஃபுர்ட்டர் டோர் சந்திப்பில் இரட்டைக் கோபுரங்களுக்கு நடுவே புகுந்து, அங்கிருந்து பிராங்க்ஃபுர்ட்டர் ஆலேயாக வட்ட ரயில்பாதைக்கு அடியில் நுழைந்து லிஷ்டென்பெர்க் போகிறது. ரயில் தண்டவாளங்களுக்கு மேலே ஒரு பாலம். அதைத் தாண்டினால் ஃபிரீட்ரிஷ்ஸ்ஃபெல்டெ, பீஸ்டோர்ஃப், கௌல்ஸ்டோர்ஃப், மால்ஸ்டோர்ஃப் என்று ஒரு காலத்தில் தனித்தனிக் கிராமங்களாக இருந்த ஊர்கள். அப்புறம் நகர எல்லை. 1-ம் எண், 5-ம் எண் கூட்டாட்சி நெடுஞ்சாலைகள் இரண்டும் இந்த ஒரே தார்மீது ஓடுகின்றன. ஒன்று போலந்து எல்லையில் ஓடர் ஆற்றங்கரையில் உள்ள பிராங்க்ஃபுர்ட் வரை போகிறது. சாலைக்குப் பெயர் கொடுத்த ஊர் அது. அடியில் 1930-ல் திறந்த சுரங்க ரயில், இன்றைய யூ5.

ஆக, மேலே நெடுஞ்சாலை, கீழே ரயில். இரண்டும் கிழக்கு மேற்காக ஆளைக் கொண்டுபோகின்றன, நன்றாகவே கொண்டுபோகின்றன. வடக்கிலிருந்து தெற்கே போக வேண்டியவர்தான் இந்தச் சாலையின் கணக்கில் வராதவர். அவர் ரொம்ப தூரம் போகிறவர் இல்லை. பேக்கரிக்கு, டாக்டரிடம், பள்ளிக்கூடத்துக்கு, எதிர்ச்சாரியில் இருக்கும் டிராம் நிறுத்தத்துக்குப் போகிறார். சாலையின் அகலம்தான் அவருடைய முழுப் பயணமும்.

கடக்கும் இடத்தில் நடப்பதைச் சொல்கிறேன். ஒரு நாள் முற்பகல், பத்தரை மணி இருக்கும், கூட்டம் அதிகமில்லாத நேரம். சக்கரம் வைத்த வாக்கரோடு ஒரு மூதாட்டி ஓரத்தில் நிற்கிறார். வாக்கரின் முன்கூடையில் ஒரு பையும் அதற்குமேல் ஒரு ரொட்டிப் பொட்டலமும். பச்சை விழுகிறது. அவர் உடனே கிளம்புவதில்லை. முதலில் கைப்பிடியில் உள்ள பிரேக்கை விடுவிக்க வேண்டும், பிறகு நடைபாதையின் சரிவில் முன்சக்கரத்தை மெல்ல இறக்க வேண்டும். அதற்குள் மற்றவர்கள் இரண்டு தடங்களைத் தாண்டிவிடுகிறார்கள். இவர் மூன்றாவது தடத்தில் இருக்கும்போது சிவப்பு. நடக்க நடக்கவே தலையைத் திருப்பிக் கார்களைப் பார்க்கிறார். நடுத்திட்டுக்கு ஏறும்போது, முதல் வரிசையில் நிற்கும் கார்கள் மெல்ல நகரத் தயாராகிவிடுகின்றன. ஏறியதும் வாக்கரைத் திருப்பி, பிரேக்கைப் போட்டு, ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொள்கிறார். முன்னால் மூன்று தடம், பின்னால் மூன்று தடம். இரண்டு பக்கமும் லாரி ஓடும்போது வரும் காற்றில் ரொட்டிப் பொட்டலத்தின் காகிதம் படபடக்கிறது. அடுத்த பச்சை வரும் வரை அங்கேதான் நிற்க வேண்டும், உட்கார இடமில்லை. மழை பெய்தாலும் ஒதுங்க ஒன்றும் இல்லை.

அவர் பக்கத்தில் நின்ற இளைஞன், கம்பத்தில் இருக்கும் மஞ்சள் பெட்டியை நாலைந்து தடவை அழுத்தினான். பல கம்பங்களில் அந்தப் பெட்டி பார்வையற்றோருக்கானது. அதன் அடிப்புறத்தில் விரலை வைத்தால் ஓர் அம்புக்குறி தட்டுப்படும், கடக்க வேண்டிய திசையைக் காட்டும், பச்சையில் அதிரும். அவர்களுக்கு அது அவசியமான சாதனம். ஆனால் அதை அழுத்தினால் பச்சை சீக்கிரம் வரும் என்று நினைக்கும் நூற்றுக்கணக்கானவர்கள் தினமும் அதை அழுத்துகிறார்கள். சிக்னல் தன் சுழற்சிப்படிதான் மாறும். நடந்து வருபவர் சொல்வதைக் கேட்க அந்தக் கம்பத்தில் எதுவுமே இல்லை.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் உங்கள் வழிகாட்டு நெறியைப் படித்திருக்கிறேன். ரில்ஸா என்று நீங்கள் சுருக்கமாகச் சொல்வது. நடப்பவரின் வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். முதியவர்களும் உடற்குறை உள்ளவர்களும் அதிகம் வரும் இடத்தில் 1.0 வரை குறைத்துக்கொள்ளலாம். பச்சையின் கடைசி நொடியில் கால் வைத்தவரும், எதிரே கார்களுக்குப் பச்சை விழும் முன்னே இந்த வேகத்தில் கடந்துவிடும்படி இடைவெளி விடப்படுகிறது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது: பச்சையில் கிளம்பியவர், நடுவில் சிவப்பு விழுந்தாலும் நின்றுவிடாமல் போய்ச் சேரலாம். உயிர் போகக் கூடாது என்பதற்காகப் போட்ட கணக்கு இது. அதை மதிக்கிறேன்.

ஆனால் நடுத்திட்டு உள்ள சாலையில் இந்தக் கணக்கு நடுத்திட்டோடு நின்றுவிடுகிறது. அதுவரை போய்ச் சேர்ந்தால் நடப்பவர் சேர வேண்டிய இடம் சேர்ந்துவிட்டார் என்று தாளில் எழுதப்படுகிறது. மீதிப் பாதிக்கு இன்னொரு கணக்கு. ஒரு மனிதரின் ஒரே நடையை இரண்டாக வெட்டி, இரண்டுக்கும் நடுவில் ஒரு காத்திருப்பைச் செருகிவிட்டு, இரண்டு பாதிகளும் விதிப்படி சரி என்கிறோம்.

அடுத்தது அந்த 1.2. இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் நடை வேகத்தை அளந்து 2012-ல் வெளியான ஆய்வில், ஆண்களின் சராசரி விநாடிக்கு 0.9 மீட்டர், பெண்களின் சராசரி 0.8. சராசரியே அவ்வளவுதான். எடுத்துக்காட்டுக்கு, நடுத்திட்டையும் சேர்த்து ஓரத்துக்கு ஓரம் 30 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.2 வேகத்தில் நடப்பவருக்கு 25 விநாடி. 0.8 வேகத்தில் நடப்பவருக்கு 37 விநாடிக்கும் மேல். இந்தப் பன்னிரண்டு விநாடிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பெர்லினில் சாலை விபத்தில் இறப்பவர்களில் நடந்து சென்றவர்களின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக இருப்பதும், அவர்களில் முதியவர்கள் நிறையப் பேர் என்பதும் உங்களுக்குத் தெரியாதது இல்லை. காவல்துறையின் ஆண்டறிக்கை முதலில் உங்கள் மேசைக்குத்தான் வருகிறது.

வயதானவர்களைப் பற்றி மட்டும் பேசினால் மற்றவர்கள் பாடு சரியாக இருக்கிறது என்று ஆகிவிடும். கால் நன்றாக இருக்கிறவர் என்ன செய்கிறார்? நடுத்திட்டில் நிற்கப் பொறுமை இல்லாமல் சிவப்பில் ஓடுகிறார். நாலு பேர் ஓடினால் பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஓடுகிறது. சிவப்பில் கடந்தால் 5 யூரோ அபராதம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஓடுகிறார்கள், ஏனென்றால் நடுத்திட்டில் நிறுத்தி வைப்பதை யாரும் நியாயமாக உணர்வதில்லை. ஆளைக் குற்றம் சொல்வதைவிட நேரத்தைத் திருத்துவது சுலபம்.

இந்தச் சாலை ஏன் இவ்வளவு அகலம் என்பதையும் கொஞ்சம் பேச வேண்டும். கார்களுக்காக இந்த அகலம் வரவில்லை. 1949 டிசம்பரில் ஸ்டாலினின் 70-வது பிறந்தநாளுக்கு இதற்கு ஸ்டாலின் ஆலே என்று பெயர் சூட்டினார்கள். போரில் இடிந்து மண்மேடாகக் கிடந்த பகுதி. அந்த இடிபாடுகளில் இருந்து செங்கல்லைப் பொறுக்கித் தட்டிச் சுத்தம் செய்து அடுக்கிய பெண்களும் ஆண்களும் பெர்லின்காரர்கள்தான். தொழிலாளிக்கு அரண்மனை என்று சொல்லிக் கட்டினார்கள். ஹெர்மன் ஹென்செல்மான் வடிவமைத்த பிராங்க்ஃபுர்ட்டர் டோர் கோபுரங்கள் இன்றும் தூரத்தில் இருந்தே தெரிகின்றன. கார்ல் மார்க்ஸ் ஆலே பகுதியில் சுவருக்குச் சுவர் ஏறத்தாழ 90 மீட்டர். லட்சக்கணக்கானவர்கள் வரிசை வரிசையாக நடந்துபோக வேண்டும் என்பதற்காக விட்ட அகலம் அது. மே தின ஊர்வலம் அதில்தான் போனது. 1989 அக்டோபர் 7-ல் கிழக்கு ஜெர்மனி தன் 40-வது ஆண்டு அணிவகுப்பை நடத்தியதும் கார்ல் மார்க்ஸ் ஆலேயில்தான். பெர்லின் சுவர் விழ அப்போது ஒரு மாதம்தான் பாக்கி.

ஆனால் இந்தச் சாலையில் மேலிடம் சொன்னதற்காக மட்டும் யாரும் நடக்கவில்லை. 1953 மே மாதக் கடைசியில், கூலியைக் கூட்டாமல் வேலை அளவை 10 சதவீதம் கூட்ட வேண்டும் என்று அரசு ஆணை போட்டது. ஜூன் 16 அன்று, ஸ்டாலின் ஆலேயில் 40-ம் பிளாக்கைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார்கள். லைப்சிகர் தெருவில் அமைச்சரகங்கள் இருந்த கட்டடம் வரை நடந்தார்கள். வழியெங்கும் ஆட்கள் சேர்ந்தார்கள். மறுநாள் நாடு முழுக்கப் பரவியது. சோவியத் டாங்கிகள் வந்து அடக்கின. இன்று அந்தக் கட்டடங்களைப் படம் எடுக்க வரும் பயணிகள் கோபுரத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் அந்தக் கொத்தனார்களையும் நினைக்கிறேன். அவர்கள் கட்டிய சாலையில் அவர்களே இறங்கி நடந்ததுதான் அதன் வரலாற்றில் ஆகப்பெரிய நாள்.

இப்போதும் ஆண்டுக்கு ஒருமுறை அது நடக்கிறது. 1919 ஜனவரி 15-ல் கொல்லப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர்கள் ரோசா லக்சம்பர்க், கார்ல் லீப்க்நெஷ்ட் நினைவாக, ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிராங்க்ஃபுர்ட்டர் டோரில் இருந்து ஃபிரீட்ரிஷ்ஸ்ஃபெல்டெ கல்லறை வரை ஊர்வலம் போகிறது. அன்றைக்கு மூன்று தடத்திலும் மனிதர்கள் நடக்கிறார்கள். அவர்களுடைய அரசியல் எல்லாருக்கும் ஒத்துவராது, அது வேறு பேச்சு. ஆனால் அந்தக் காலை வேளையில் இந்தச் சாலை எவ்வளவு அமைதியாக இருக்கிறது, எதிர்ச்சாரியில் நிற்பவரின் குரல்கூட இங்கே எப்படிக் கேட்கிறது என்பதை யாராவது ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம். 1961 நவம்பரில் ஸ்டாலின் பெயரை எடுத்துவிட்டு மேற்குப் பகுதிக்குக் கார்ல் மார்க்ஸ் பெயரையும், கிழக்குப் பகுதிக்குப் பழைய பிராங்க்ஃபுர்ட்டர் ஆலே பெயரையும் கொடுத்தார்கள். அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு, அக்டோபர் 1961-ல், இதே கிழக்கு பெர்லினில் கார்ல் பெக்லாவ் என்ற போக்குவரத்து உளவியலாளர் நடப்பவர்களுக்காக ஒரு சிக்னல் உருவத்தை முன்வைத்தார். தொப்பி போட்ட அந்தச் சிறு மனிதன்: பச்சையில் அடி எடுத்து வைப்பான், சிவப்பில் இரண்டு கையையும் விரித்து நிற்பான். குழந்தைக்கும் பார்வை மங்கியவருக்கும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அவனுக்கு அந்த அகன்ற உடம்பும் விரித்த கையும். இரண்டு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு அவனை எடுத்துவிடப் பார்த்தபோது மக்கள் விடவில்லை. போராடிக் காப்பாற்றினார்கள். அப்புறம் மேற்கு பெர்லினுக்கும் அவனைக் கொண்டுபோனீர்கள். இன்று அவன் படம் போட்ட கோப்பையும் பனியனும் வாங்காமல் ஊர் திரும்பும் சுற்றுலாப் பயணி குறைவு. வேகமாக நடக்க முடியாதவரை மனதில் வைத்துப் பிறந்த உருவம் அது. அவர் கடந்து முடிக்கும் வரை அவன் பச்சையாகவே நடக்கட்டும் என்பதுதான் என் கோரிக்கை.

சட்டமும் உங்கள் கையைக் கட்டவில்லை. உங்களுக்குத் துணையாகத்தான் நிற்கிறது. 2018-ல், நகரமாக இருந்துகொண்டே ஒரு மாநிலமாகவும் இருக்கும் பெர்லின் தன் போக்குவரத்துச் சட்டத்தை இயற்றியது. 2021-ல் நடப்பவர்களுக்கென்று தனிப் பகுதி ஒன்றை அதில் சேர்த்தது. ஜெர்மனியில் எந்த மாநிலமும் அதற்குமுன் அப்படிச் செய்ததில்லை. நடப்பவர்களுக்கு நீண்ட பச்சை என்பது அன்றைக்கே பேசப்பட்டு, பத்திரிகைகளில் தலைப்பாக வந்த விஷயம். 2024-ல் கூட்டாட்சிச் சாலை விதிகளும் மாறின. வண்டிகள் தடையில்லாமல் ஓடுவது ஒன்றை மட்டும் பார்க்காமல், உடல்நலத்தையும் சுற்றுச்சூழலையும் ஊரின் அமைப்பையும் கருதி உள்ளூர் நிர்வாகங்கள் முடிவெடுக்க வழி அகலமாகியிருக்கிறது. இது கூட்டாட்சி நெடுஞ்சாலை, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்ற பழைய பதில் சிக்னல் நேரத்துக்குப் பொருந்தாது. வட்ட ரயில்பாதைக்கு மேற்கே ஒரு மாவட்டம், கிழக்கே இன்னொரு மாவட்டம். ஆனால் இரண்டு பக்கமும் முதன்மைச் சாலைகளின் சிக்னல்கள் மாநில நிர்வாகத்தின் கையில்தான் இருக்கின்றன. நகரில் உள்ள இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிக்னல்களை இயக்குவதும் ஒரே இடம்தான்.

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதல் வாதம்தான் பலமானது, அதனால் அதற்குத்தான் நிறையப் பதில் சொல்ல வேண்டும். பெருஞ்சாலையைக் குறுக்கே கடப்பவருக்குப் பச்சை விழுவது குறுக்குத் தெருவின் வண்டிகளுக்குப் பச்சை விழும் நேரத்தில். அதை நீட்டினால் பெருஞ்சாலையின் பச்சை குறையும். 90 விநாடிச் சுழற்சியில் இங்கே 12 கூட்டினால் அங்கே 12 போகும். அடுத்தடுத்த சிக்னல்களில் கார்கள் நிற்காமல் போகும்படி கோத்து வைத்திருக்கும் பச்சை அலையும் கலையும். இதை நான் மறைக்கப் போவதில்லை. காலை ஏழரையில் இருந்து ஒன்பது வரை மால்ஸ்டோர்ஃபில் இருந்து உள்ளே வரும் வண்டி வரிசையையும் பார்த்திருக்கிறேன். அதில் உட்கார்ந்திருப்பவர்களும் மனிதர்கள்தான், பலருக்கு வீட்டுப் பக்கம் வேறு நல்ல போக்குவரத்து இல்லை.

ஆனால் சிக்னலுக்கு நாள் முழுக்க ஒரே திட்டம் இல்லையே. நெரிசல் நேரத்துக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று நேரத்துக்கேற்ற திட்டங்களைத்தான் ஓட்டுகிறீர்கள். வாக்கரோடு வரும் மூதாட்டி காலை எட்டு மணிக்குக் கடைக்குப் போவதில்லை. பத்து மணிக்கு மேல்தான் போகிறார். அந்த நேரத்தில் சாலையில் இடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருக்கிறது. அப்போதும் நெரிசல் நேரத்துக்கே உரிய கஞ்சத்தனமான பச்சையைக் கொடுக்க என்ன காரணம்? நெரிசல் நேரத்தைப் பற்றி நாம் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம். பகல் பத்தில் இருந்து மூன்று வரை, இரவு எட்டுக்குப் பின், ஞாயிறு முழுவதும், இந்த நேரங்களில் யாருக்கும் பெரிய இழப்பில்லாமல் இந்த மாற்றத்தைச் செய்யலாம்.

இரண்டு பாதிகளின் பச்சையையும் கொஞ்சம் முன்பின்னாக வைத்தால் நிற்காமல் போகலாமே என்று உங்களில் ஒருவர் சொல்லக்கூடும். வடக்கில் இருந்து வருபவருக்கு அது பொருந்தும்; தெற்கில் இருந்து வருபவர் நடுவில் இரண்டு மடங்கு நிற்பார். நடப்பவர்கள் இரண்டு பக்கமிருந்தும் வருகிறார்கள். அதனால் இரண்டு பாதியும் ஒரே நேரத்தில் பச்சையாக, முழு அகலத்துக்கும் போதுமான நீளத்தில் இருப்பதுதான் நேர்மையான தீர்வு.

டிராமுக்கு முன்னுரிமை கெடும் என்பது இன்னொரு வாதம். பிராங்க்ஃபுர்ட்டர் டோரில் எம்10, வட்ட ரயில் நிலையத்தருகே எம்13. இவை குறுக்கே போகும் டிராம்கள், குறுக்குத் தெருவின் பச்சை நீண்டால் அவற்றுக்கும் லாபம்தான். அதோடு, டிராமைப் பிடிக்க வருபவரும் நடந்துதானே வருகிறார்! எதிரே நிற்கும் டிராமை நடுத்திட்டில் நின்று பார்த்துக்கொண்டே விட்டுவிடுவது எப்படிப்பட்ட எரிச்சல் என்று அந்தப் பக்கம் குடியிருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சுரங்க ரயில் நிலையத்தின் படி வழியே இறங்கி மறுபக்கம் ஏறலாமே என்ற வாதத்துக்கு நீளமாகப் பதில் தேவையில்லை. படி ஏற முடிந்தவருக்கு இந்த மடலே தேவைப்படாது.

இன்னொரு காரணமும் உண்டு, அது வருங்காலத்தைப் பற்றியது. ஏ100 நகர நெடுஞ்சாலை 2025 ஆகஸ்டில் ட்ரெப்டோவர் பார்க் வரை திறக்கப்பட்டது. அடுத்த கட்டம் ஓஸ்ட்க்ரொய்ட்ஸைத் தாண்டி ஸ்டோர்கோவர் தெரு வரை போக வேண்டும் என்ற திட்டத்தில், பிராங்க்ஃபுர்ட்டர் ஆலேயிலும் அதில் ஏறி இறங்க ஒரு வழி இருக்கிறது. அந்த நெடுஞ்சாலை வேண்டாம் என்பவள் நான். ஆனால் இந்த மடலில் அதை வாதிடவில்லை. அது வருகிறதோ இல்லையோ, வண்டிகளின் கணக்கு கூடிக்கொண்டே போகும்போது நடப்பவரின் விநாடிகள்தான் முதலில் வெட்டப்படும். அதற்கு முன்பே ஓரத்துக்கு ஓரம் கடக்கும் உரிமையை எழுத்தில் உறுதியாக்கிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். கூடவே ஒன்று: சாலையோரத்தில், 86-பி எண் வீட்டருகே, நகரின் காற்று அளவீட்டு நிலையம் நிற்கிறது. நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு இப்போதுள்ள ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம்; 2030-ல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அது 20 ஆகக் குறைகிறது. நடுத்திட்டில் நிற்பவர் இரண்டு பக்கப் புகைக்கும் நடுவில் நின்று மூச்சு விடுகிறார்.

வேறு ஊர்கள் என்ன செய்கின்றன என்று பார்த்தால், நான் கேட்பது ஒன்றும் கனவு இல்லை என்று புரியும். சிங்கப்பூரில் 2009 முதல் ஒரு ஏற்பாடு இருக்கிறது. முதியவர்கள் தங்கள் அட்டையைக் கம்பத்தில் உள்ள கருவியில் தொட்டால், சாலையின் அகலத்துக்கேற்ப 3 முதல் 13 விநாடி வரை பச்சை கூடுதலாகக் கிடைக்கும். இங்கிலாந்தில், கடப்பவர் இன்னும் சாலையில் இருக்கிறாரா என்று உணர்கருவி பார்த்து, இருந்தால் கார்களை நிறுத்தி வைக்கும் சிக்னல்கள் பல ஊர்களில் உள்ளன. லண்டனில் சில இடங்களில் நடப்பவருக்குத்தான் எப்போதும் பச்சை. வண்டி வருவது தெரிந்தால்தான் அது மாறும். சிங்கப்பூர் முறையில் எனக்கு ஒரு குறை உண்டு: அட்டையை எடுத்துக் காட்டித் தன் முதுமையை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. உணர்கருவிதான் மேல், அது யாரிடமும் அடையாளம் கேட்பதில்லை. ஆனால் கருவி வாங்கக் காசும் காலமும் ஆகும் என்றால், அதுவரை எல்லாருக்கும் நீண்ட பச்சையே போதும். அதற்குச் செலவு, உங்கள் பொறியாளர்களின் வேலை நேரம்தான்.

எங்கே தொடங்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். பிராங்க்ஃபுர்ட்டர் டோர் சந்திப்பு, ஏனென்றால் அங்கே டிராமும் சுரங்க ரயிலும் சந்திக்கின்றன. வட்ட ரயில் நிலையத்துக்கு வெளியே, கடைவளாகங்களுக்கு முன்னால் கடக்கும் இடம், ஏனென்றால் கூட்டம் அங்கே அதிகம். அப்புறம் மாக்டலெனன் தெரு நிலையம் பக்கம். ஒரு பக்கம் பெரிய அடுக்ககக் குடியிருப்புகள், மறுபக்கம் 1990 ஜனவரியில் மக்கள் உள்ளே புகுந்த, கிழக்கு ஜெர்மனியின் பழைய உளவுத்துறைத் தலைமையகமும் இன்று அதில் உள்ள அருங்காட்சியகமும். அங்கே வயதானவர்களும் நிறைய, பள்ளிக்கூடத்தில் இருந்து வரிசையாக அழைத்து வரப்படும் பிள்ளைகளும் நிறைய. முப்பது பிள்ளைகள் கொண்ட ஒரு வகுப்பு நடுத்திட்டில் பாதியாகப் பிரிந்து, ஒரு பாதி டீச்சரோடும் மறுபாதி தனியாகவும் நிற்கும்போது அந்த டீச்சரின் முகத்தைப் பார்த்தால் போதும், மேலே விளக்கம் தேவைப்படாது.

இந்த மூன்று இடங்களிலும் நெரிசல் இல்லாத நேரத் திட்டங்களை மட்டும் முதலில் மாற்றுங்கள். நடை வேகத்தை 0.8 என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள். வண்டிகளுக்கு எத்தனை விநாடி தாமதம் ஆனது, சிவப்பில் ஓடுபவர்கள் எத்தனை பேர் குறைந்தார்கள் என்று இரண்டையும் அளந்து, இரண்டையும் வெளியிடுங்கள். முடிவு என் வாதத்துக்கு எதிராக வந்தாலும் வெளியிடுங்கள்.

அதற்கு முன்பே உங்களால் செய்ய முடிந்த ஒன்று உண்டு. இந்தச் சாலையில் உள்ள ஒவ்வொரு கடக்கும் இடத்துக்கும் ஓரத்துக்கு ஓரம் எத்தனை மீட்டர், நடப்பவருக்குப் பச்சை எத்தனை விநாடி, எந்த நடை வேகத்தில் கணக்குப் போட்டிருக்கிறீர்கள் என்ற மூன்று எண்களை ஒரே பட்டியலாகப் பொதுவில் வையுங்கள். பெர்லினில் தகவல் சுதந்திரச் சட்டம் 1999 முதல் இருக்கிறது. தனித்தனியாக விண்ணப்பம் போட்டும் இவற்றை வாங்கலாம், தேவைப்பட்டால் வாங்கவும் செய்வோம். நீங்களாகவே வெளியிட்டால் இரண்டு பக்கத்துக்கும் வேலை மிச்சம்.

பட்டியலை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
சமாரிட்டர் தெருப் பக்கம் குடியிருக்கும் ஒரு பெர்லின்வாசி